தாழ்ந்த கூரையும் மடக்குக் கட்டிலும்

வீடு கட்டுவதைப் பற்றியும், தறி அமைப்பதைப் பற்றியும், தானியம் சேமிப்பதைப் பற்றியும் இவ்விதழில் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆனால், பகலெல்லாம் உழைத்த உடல் இரவில் எங்கே சாய்வது என்பதைப் பற்றி எழுதியதில்லை. அது எழுதத்தக்க விஷயமே அன்று என்று எண்ணியிருந்தோம் போலும். சென்ற மழைக்காலத்தில் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நாம் கண்ட காட்சி அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

அது பனையோலை வேய்ந்த வீடு. பத்தடி அகலம், ஒரே அறை. வலைகளும் மிதவைகளும் ஒரு மூலை. அடுப்பும் பாத்திரமும் மற்றொரு மூலை. மீதமுள்ள இடத்தில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் முழங்கால் வலியால் வருந்தும் முதியவர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஏரி நிறையும்போது அவ்வீட்டுத் தரையில் ஓதம் ஏறும். பாயின் அடிப்புறம் விடியுமுன் நனைந்துவிடும். அப்பெரியவர் தரையில் படுப்பதைவிட எழுவதற்கே அதிகம் அஞ்சினார். இரவில் ஒருமுறை வெளியே செல்ல வேண்டுமானால், இருவர் தூக்கிவிட வேண்டும். மகன் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டான். ஒரு வாரத்தில் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். கட்டில் இருந்தால் வலைக்கு இடமில்லை. வலை இல்லையேல் சோற்றுக்கு வழியில்லை.

பகலில் சுவரோடு நிமிர்ந்து நின்று இரவில் விரியும் கட்டில் இருந்தால் இக்கவலை தீரும் என்பது யாருக்கும் தோன்றக்கூடியதே. ஆனால், அந்த வீட்டின் சுவர் நாலரை அடிதான். அதற்கு மேல் கூரை சரியத் தொடங்கிவிடுகிறது. ஆறடிக் கட்டிலை எங்கே நிமிர்த்துவது? இக்கேள்விக்கு விடை காண முயன்றதன் பயனே இக்கட்டுரை. மீனவர் வீட்டுக்குச் சொல்வது, தறிக்குழிக்குப் பக்கத்தில் உறங்கும் நெசவாளர் வீட்டுக்கும், நெல்மூட்டைக்கு நடுவே உறங்கும் உழவர் வீட்டுக்கும் பொருந்தும்.

கூரை ஏன் தாழ்ந்திருக்கிறது?

“சுவரை இரண்டடி உயர்த்திவிட்டால் போயிற்று” என்று முதலில் நாமும் கூறினோம். உடன் வந்த ஆசாரியாரும் அதை ஆமோதித்தார். அப்போது அவ்வீட்டு மூதாட்டி குறுக்கிட்டு, “கூரையைத் தூக்கிட்டா அப்புறம் அது காத்துக்குத்தான் சொந்தம், ஆசாரி” என்றார். அந்த ஒரு சொல்லில் கடற்கரைக் கட்டடக் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே இருப்பது குறுகிய மணல்திட்டு. அங்கே காற்றைத் தடுக்க மலையும் இல்லை, பெருங்காடும் இல்லை. 2016 டிசம்பர் 12-இல் சென்னையை ஒட்டிக் கரை கடந்த வர்தா புயலையும், 2023 டிசம்பரில் பெருமழை கொணர்ந்த மிக்ஜாம் புயலையும் அப்பக்கத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். இத்தகைய இடத்தில் சுவர் தாழ்ந்திருந்தால் காற்று மோதும் பரப்புக் குறையும். கூரை செங்குத்தாகச் சரிந்திருந்தால் ஓலையில் நீர் தங்காது வழிந்தோடும். இறவாணம் தாழ்ந்து தொங்கினால் மண்சுவர் சாரலில் கரையாது. ஆகவே, தாழ்ந்த கூரை என்பது வறுமையின் அடையாளம் மட்டும் அன்று. பல தலைமுறை அனுபவத்தின் அடையாளமும் ஆகும்.

எனவே நாம் கொள்ள வேண்டிய முதல் விதி இது: கட்டிலுக்காகக் கூரையை உயர்த்தலாகாது, கூரைக்கு ஏற்பக் கட்டிலை அமைக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையின் பல குப்பங்களில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. தமிழ்நாட்டு அரசு 2024-இல் ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்னும் திட்டத்தை அறிவித்து, 2030-க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் வீடுகள் கட்டுவதென இலக்கு வைத்தது. நல்லதே. ஆயினும் அத்திட்ட வீட்டின் பரப்பும் 360 சதுர அடியே. கூரை மாறினாலும் இட நெருக்கடி ஒரே நாளில் மறைந்துவிடாது. மேலும், புது வீடு வரும் வரையில் முதியவர் ஓதத்தில் படுத்திருக்க வேண்டும் என்பது நியாயமாகாது.

பிற நாட்டார் கண்ட வழி

பகலில் மறையும் கட்டில் நமக்குப் புதிதன்று. நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலைக் காலையில் தூக்கிச் சுவரில் சாய்த்து வைப்பது பழைய வழக்கந்தான். அதையே சுவரோடு பிணைத்துப் பொறியாக்கியவர்கள் அமெரிக்க நாட்டு நகரவாசிகள். சிகாகோ நகரில் மரச்சாமான் கடை நடத்திவந்த சாரா குட் என்னும் கறுப்பினப் பெண்மணி, மடக்கினால் எழுதும் மேசையாகும் கட்டில் ஒன்றை அமைத்து 1885-ஆம் ஆண்டு ஜூலை 14-இல் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒற்றை அறையில் வாழ்ந்த வில்லியம் மர்பி என்பவர், தலைமாட்டில் கீல் வைத்துச் சுவருக்குள் நிமிரும் கட்டிலைச் செய்து விற்றார். அவர் பெயரே அவ்வகைக் கட்டிலுக்குப் பொதுப்பெயராக வழங்கலாயிற்று. 1989-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது பொதுப்பெயரே என்று தீர்ப்பளித்தது. சிறிய அறையில் வாழ்ந்தவர்களின் தேவையே இவ்விரு கட்டில்களையும் பிறப்பித்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால், மர்பியின் கட்டில் உயர்ந்த சமதளக் கூரையுள்ள அறைக்கு ஏற்றது. நம் குப்பத்து வீட்டுக்கு உதவும் முன்மாதிரி அமெரிக்காவில் இல்லை. நம் ரயில் வண்டியில் இருக்கிறது. மூன்றடுக்குப் படுக்கைப் பெட்டியில் நடுப்படுக்கையை நினைத்துப் பாருங்கள். அதன் கீல் தலைமாட்டில் இல்லை. நீளப்பக்கம் முழுவதும் சுவரோடு பொருந்தியிருக்கிறது. பகலில் அது மூவர் சாய்ந்து அமரும் முதுகுப் பலகை; இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒருவரின் படுக்கை. ஆறடி நீளமுள்ள படுக்கை மடங்கும்போது அது கேட்கும் உயரம் தன் அகலத்தின் அளவே. ரயிலில் அது கீழ்நோக்கித் தொங்குகிறது. நம் வீட்டில் மேல்நோக்கி நிமிர வேண்டும். வேறுபாடு அவ்வளவே.

நீளமா, அகலமா?

இதைக் கணக்காகப் பார்ப்போம். கட்டில் நீளம் 6 அடி, அகலம் 2 அடி 8 அங்குலம் என்று கொள்வோம். அது தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சுழல்கிறது. மேலே 3 அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

தலைமாட்டில் கீல் வைத்தால், நிமிர்ந்த கட்டிலுக்கு ஒன்றரையும் ஆறும் சேர்ந்து ஏழரை அடி. இடைவெளியோடு 7 அடி 9 அங்குலம். சுவரோ நாலரை அடி. குறை 3 அடி 3 அங்குலம். ஓலைக்கூரை பெரும்பாலும் அடிக்கு ஓர் அடி வீதம் உயர்வதால், கட்டிலைச் சுவரிலிருந்து 3 அடி 3 அங்குலம் தள்ளி வைத்தால் நிமிர்த்த முடியும். ஆனால், அதை விரிக்கும்போது இன்னும் ஆறடி முன்னே வரும். பத்தடி அறையில் ஒன்பதே கால் அடி போய்விட்டது. மிஞ்சிய முக்கால் அடியில் குழந்தையும் நடக்க முடியாது.

நீளப்பக்கத்தில் கீல் வைத்தாலோ, நிமிர்ந்த கட்டிலுக்கு 4 அடி 2 அங்குலமே வேண்டும். இடைவெளியோடு 4 அடி 5 அங்குலம். நாலரை அடிச் சுவரிலேயே அது அடங்கிவிடுகிறது. விரித்தால் அறையில் மூன்றடிக்குச் சற்று மிகுதியாகக் கொள்ளும். மடக்கினால் முக்கால் அடிக்குள் அடங்கும். அதுவும் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்ந்த ஓரத்தில். நடு அறை வலைக்கும் தறிக்கும் அப்படியே கிடைக்கும்.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. நீளவாக்கில் நிமிரும் கட்டிலின் முனை தலைக்கு மேல் ஏழரை அடிக்குப் போகிறது. அதைக் கைதூக்கித் தள்ள வேண்டும். அகலவாக்கில் நிமிரும் கட்டிலின் விளிம்பு நெஞ்சளவோடு நின்றுவிடுகிறது. இருபது கிலோ எடையுள்ள கட்டிலாயின், தூக்கத் தொடங்கும்போது கையில் வரும் சுமை ஏறத்தாழப் பத்துக் கிலோ; நிமிர நிமிர அதுவும் குறையும். வீட்டுப் பெண்களே தனியாகச் செய்துகொள்ளலாம்.

“முகட்டுச் சுவரில் உயரம் இருக்கிறதே, அங்கே நீளவாக்கில் நிறுத்தலாகாதா?” என்று சிலர் கேட்கலாம். முக்கோணச் சுவர் உள்ள வீடாயின் முடியும். ஆனால், முகட்டின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. கட்டிலின் இரு தோள்களும் நடுவிலிருந்து 1 அடி 4 அங்குலம் விலகி நிற்கின்றன. அங்கே கூரை அவ்வளவு தாழ்ந்திருக்கும். ஆகவே 7 அடி 9 அங்குலத்தோடு அதையும் கூட்டி, முகடு 9 அடி 1 அங்குலமாவது இருக்க வேண்டும். மேலும், காற்றுக்கு அஞ்சி நாற்புறமும் கூரை சரித்த வீடுகளில் அத்தகைய முக்கோணச் சுவரே இராது.

அளக்கும் முறை

கூரைச் சரிவை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சுவரை ஒட்டித் தரையிலிருந்து கூரை வரை அளந்துகொள்க. பின்பு சுவரிலிருந்து சரியாக ஓர் அடி தள்ளி மறுபடியும் அளக்க. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அடிக்கு இவ்வளவு என்னும் சரிவு. ஓலைக்கூரையில் அது 10 முதல் 12 அங்குலம் வரை இருக்கலாம். ஓட்டுக்கூரையில் பெரும்பாலும் 6 அல்லது 7 அங்குலமே இருக்கும்.

சுவர் மிகவும் தாழ்ந்திருந்தால் இவ்வளவு உதவும். சுவரோரத்தில் உயரம் மூன்றரை அடிதான் என்று கொள்வோம். வேண்டியது 4 அடி 5 அங்குலம். குறை 11 அங்குலம். அடிக்கு ஓர் அடி உயரும் ஓலைக்கூரையில் கட்டிலை 11 அங்குலம் முன்னே தள்ளினால் போதும். அடிக்கு 7 அங்குலம் உயரும் ஓட்டுக்கூரையில் 1 அடி 7 அங்குலம் தள்ள வேண்டும். அப்படித் தள்ளியதால் பின்னே உண்டாகும் சந்து வீணன்று; மிதவை, கயிறு, நூல்பொதி போன்ற இலேசான பொருள்களை அங்கே வைக்கலாம்.

ஒரு நுட்பத்தையும் குறிப்பிட வேண்டும். சமதளக் கூரையின் கீழ்க் கட்டில் இடிக்குமானால், பெரும்பாலும் நிமிரும் வழியில்தான் இடிக்கும். கட்டிலின் மூலை சாய்வாக உயர்ந்து, பிறகே தாழ்கிறது. சரிந்த கூரையின் கீழ் அவ்வாறன்று. அறை நடுவே கூரை உயர்ந்திருப்பதால் வழியெல்லாம் தாராளமாக இருக்கும். முற்றும் நிமிர்ந்து சுவரை அணுகும் கடைசிக் கணத்தில்தான் இடிக்கும். ஆகவே, கட்டிலின் மேல்விளிம்பு கடைசியில் எந்த இடத்தில் வந்து நிற்கிறதோ, அந்த இடத்தின் உயரத்தையே அளக்க வேண்டும்.

நாம் செய்த தவறு

இவ்வளவும் எழுதத் தெரிந்த நாமே முதல் முயற்சியில் தவறினோம் என்பதை மறைப்பதற்கில்லை. மேற்சொன்ன முதியவரின் வீட்டில் அளந்தபோது, தரையிலிருந்து ஓலை வரை அளந்தோம். நாலரை அடி வந்தது. நமக்கு வேண்டியது 4 அடி 2 அங்குலம். மேலே 4 அங்குலம் மிஞ்சுகிறதென்று மகிழ்ந்தோம். கட்டில் செய்து, பொருத்தி, ஊரார் சூழ்ந்து பார்க்க நிமிர்த்தினோம். அது முக்கால் பாகம் அழகாக எழுந்து, கடைசியில் டக்கென்று நின்றுவிட்டது.

காரணம் யாதெனில், கைமரங்களைத் தாங்கிச் சுவரின்மேல் ஓடும் வளை ஓலைக்குக் கீழே 4 அங்குலம் இறங்கியிருந்தது. நாம் ஓலையைக் கண்டோம், வளையைக் காணவில்லை. உண்மையான உயரம் 4 அடி 2 அங்குலமே, இடைவெளி ஒன்றுமில்லை. சிலர் வளையைச் செதுக்கிவிடலாம் என்றனர். கூரையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று ஆசாரியார் மறுத்துவிட்டார். முடிவில் சுழலும் தண்டை 3 அங்குலம் தாழ்த்தினோம். கட்டில் ஒன்றேகால் அடி உயரமாயிற்று. முதியவருக்கு அவ்வுயரம் சற்றுக் குறைவுதான். எழும்போது தூணைப் பற்றிக்கொள்கிறார்.

அன்று முதல் நாம் கைக்கொள்ளும் முறை இது: மரம் அறுக்குமுன் கட்டிலின் அகலத்துக்குச் சமமாக ஒரு மூங்கில் துண்டை வெட்டி, அதன் ஒரு முனையைக் கீல் வரவேண்டிய இடத்தில் ஆணியில் கட்டி, கட்டில் போவது போலவே மேலும் கீழும் சுற்றிப் பார்த்துவிடுவது. கட்டிலின் தலைமாடு, நடு, கால்மாடு என மூன்று இடங்களிலும் இவ்வாறு பார்க்க வேண்டும். பழைய வீட்டில் கூரை எங்கும் ஒரே மட்டமாக இராது.

செய்முறை

கடற்காற்றில் இரும்புக் கீல் நெடுநாள் நில்லாது. துருப்பிடித்துப் பிடித்துக்கொள்ளும், அல்லது ஒருநாள் முறிந்துவிடும். எவர்சில்வர் அல்லது பித்தளைக் கீல் வாங்கலாம், விலை அதிகம். இதற்கு நம் முன்னோரின் கதவே வழிகாட்டுகிறது. பழைய வீட்டுக் கதவுகளில் கீல் இல்லை. கதவின் மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக் குடுமி, நிலையிலுள்ள குழியில் சுழலும். அம்முறையையே படுக்கவைத்துக் கொள்வோம்.

சுவரை அடுத்து வரும் நீளச்சட்டத்துக்கு 3 அங்குலக் கனமுள்ள, நன்கு உலர்ந்த சவுக்குக் கம்பைக் கொள்க. பச்சைச் சவுக்கு உலரும்போது வெடிக்கும், முறுகும். அதன் இரு முனைகளும் கட்டிலுக்கு வெளியே அரையடி நீண்டிருக்க வேண்டும். இரு பக்கமும் நான்கடி உயரமுள்ள தூண்கள். அவற்றில் உரிய உயரத்தில் துளையிட்டு, கம்பின் முனைகளை அத்துளைகளில் செருகிவிட்டால், கம்பே கீலாகிவிடுகிறது. துளையில் மெழுகு தடவினால் கிரீச்சிடாது சுழலும்.

தூண்களைத் தரையில் இரண்டடி ஆழம் புதைத்து, சுற்றிலும் கல் இட்டுக் கெட்டிக்க வேண்டும். புதையும் பகுதிக்குத் தார் பூசுவது அவசியம். தூண்களின் மேல்முனைகளைச் சுவர்ப்பக்கமாக ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைக்க வேண்டும். நிமிர்ந்த கட்டில் இச்சட்டத்தின்மேல் சாய்ந்து நிற்கும். கட்டிலை மண்சுவரிலோ கைமரத்திலோ பிணைக்கவே கூடாது. மண்சுவர் சுமையைத் தாங்காது. கைமரமோ காற்றில் அசையும். அதனோடு பிணைத்த கட்டிலும் அசைந்து கூரையைக் குலைக்கும். தனித் தூணில் நிற்கும் கட்டிலுக்கு மற்றொரு நன்மை: நாளை புது வீடு கட்டினால், தூணைப் பெயர்த்துக் கட்டிலையும் எடுத்துச் செல்லலாம்.

வெளிப்பக்கச் சட்டத்தில் இரண்டு கால்கள் தளர்வாகத் தொங்க வேண்டும். கட்டில் இறங்கும்போது அவை தம் எடையாலேயே நேராகத் தொங்கித் தரையில் ஊன்றும். நிமிரும்போது கட்டிலின் அடிப்புறத்தோடு ஒட்டித் தொங்கும். கால்கள் உள்ளே மடிந்துவிடாதிருக்க, சட்டத்தில் ஒரு தடைமுளை அடித்து, காலின் அடி சற்றே வெளியே நீண்டு நிற்குமாறு செய்ய வேண்டும்.

பின்னுவதற்கு நைலான் கயிறோ, பருத்தி நாடாவோ கொள்ளலாம். வலைத்தொழிலில் கழிந்த நைலான் கயிறு குப்பங்களில் எளிதிற் கிடைக்கும்; ஈரத்தால் மக்காது. நாடா உடம்புக்கு இதமானது. ஆனால் ஓதத்தை உறிஞ்சும். ஆதலால், வெயில் கண்ட நாட்களில் கட்டிலை நிமிர்த்திக் கதவைத் திறந்து காற்றாட விடவேண்டும். எதுவாயினும் கால்மாட்டில் இழுத்து முடுக்கும் கயிறு ஒன்று இருத்தல் வேண்டும். பின்னல் தொய்ந்தால் முதியவர்கள் எழுவது கடினமாகும்; அப்போது கட்டில் செய்த பயனே போய்விடும்.

கவனிக்க வேண்டியவை

நிமிர்ந்த கட்டில் விழுமானால் ஆபத்து. 2022-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,29,000 சுவர்க்கட்டில்கள் விற்பனைக்குப் பின் திரும்ப அழைக்கப்பட்டன. சுவரில் சரியாகப் பொருத்தாதவை பெயர்ந்து விழுந்து பலர் காயமுற்றதும், ஒரு மூதாட்டி உயிரிழந்ததுமே அதற்குக் காரணம். இயந்திரத்தில் செய்து கடையில் விற்ற பொருளுக்கே அக்கதி. ஆகவே, நாம் செய்யும் கட்டிலில் இரண்டு பாதுகாப்புகள் இருக்க வேண்டும். முதலாவது, நிமிர்ந்த கட்டில் செங்குத்தாக நிற்காமல் சுவர்ப்பக்கம் 2, 3 அங்குலம் சாய்ந்து நிற்க வேண்டும். அப்போது அதன் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, இரு தூண்களிலும் திருப்பிவிடும் மரத்தாழ் ஒவ்வொன்று வேண்டும். ஒன்று மட்டும் போதாது. குழந்தைகள் ஒன்றைத் திறந்துவிடுவார்கள்.

படுக்கைத் துணியைக் கட்டிலோடு சேர்த்து மடக்கலாகாது. கனம் கூடி நிமிராது. நிமிர்ந்தாலும் உள்ளே பூஞ்சைக் காளான் பிடிக்கும். மடக்கிய கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே காற்றோட வழி விடுக. அடுப்புள்ள பக்கத்தில் கட்டிலை அமைக்காதிருப்பது நலம். வெள்ளம் வரும் என்று அறிந்தால் கட்டிலை விரித்துவிட்டு, அரிசியையும் ஆவணங்களையும் அதன்மேல் ஏற்றி வைத்துவிட்டு, மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். ஒன்றரை அடி உயரம் பொருளைக் காக்கலாம். உயிரைக் காக்கும் என்று நம்பலாகாது.

சங்கம் செய்யக்கூடியது

பழவேற்காடு நெசவாளர்க்குப் புதிய ஊர் அன்று. டச்சுக்காரர் 1613-இல் அங்கே கெல்திரியாக் கோட்டையை எழுப்பியதற்கு நம் கைத்தறித் துணியே முக்கியக் காரணம். அவ்வூர்ப் பெயரே கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைக்குப் பெயராகி ஐரோப்பியச் சந்தைகளில் வழங்கிற்று. அத்தகைய ஊரின் குப்பத்து வீட்டுக்கு நம் தறியில் நெய்த நாடா போய்ச் சேருவது பொருத்தமே ஆகும்.

ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே ஆசாரியைத் தேடி, சில்லறையாக மரம் வாங்கினால் செலவு மிகும், அளவும் தவறும். பத்து வீட்டார் சேர்ந்தால் நிலைமை வேறு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அங்கத்தினர்கள் வளர்க்கும் சவுக்கை முன்கூட்டியே வாங்கி உலர வைக்கலாம். நாடாவை நெசவாளர் அங்கத்தினர் நெய்யலாம். பின்னும் வேலையைக் குப்பத்துப் பெண்களே செய்யலாம். வலை பின்னியும் பனையோலை முடைந்தும் பழகிய கைகள் அவை. ஆசாரி ஒருவர் ஒரே முறை வந்து பத்து வீட்டையும் அளந்து போகலாம். எந்த வீட்டில் முதியவரோ, நோயாளியோ, பிள்ளை பெற்ற தாயோ தரையில் படுக்கிறார்களோ, அவ்வீட்டுக்கு முதற் கட்டில் என்று சங்கம் தீர்மானிக்கலாம்.

பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்று ஒரு பழைய முறை உண்டு. ஏரியில் மீன்வளம் மிக்க இடங்கள் சிலவே. அவற்றில் யார் எந்நாளில் வலை போடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இடம் ஒன்றே, ஆனால் முறைப்படி அது எல்லோருக்கும் உரியதாகிறது. அறைக்கும் அத்தகைய முறை ஒன்றை வகுத்துத் தருவதே மடக்குக் கட்டில். பகலில் அது வலையின் பாடு. இரவில் முதியவரின் பாடு.

தை மாதம் அக்குப்பத்துக்கு மறுபடியும் சென்றிருந்தோம். கட்டில் நிமிர்ந்திருந்தது, அது இருந்த இடத்தில் வலை பரப்பி மகன் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். பெரியவர் வீட்டில் இல்லை. இரவில் தாமாகவே எழுந்து நடக்கிறார் என்றும், அன்று காலையில் ஏரிக்கரைக்கு நடந்து போயிருக்கிறார் என்றும் மூதாட்டி கூறினார்.